சும்மா நின்றே கெட்டுப்போகும் பிரேக்

பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று மலையையும் காட்டையும் கடந்து செங்கலடியில் வந்து முடிகிறது. ஊர்க்காரருக்கு அது பதுளை வீதி. அந்த ஒரே வீதியின் இரண்டு அந்தங்களும் ஒரு காரின் பிரேக்கை இரண்டு விதமாகச் சோதிக்கின்றன. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது பதுளை. அங்கிருந்து இறங்கும் கார் தன் பிரேக்கைச் சூட்டில் வாட்டிக்கொண்டே வரும். செங்கலடிப் பக்கமோ உள்ளங்கை போலத் தட்டை. மட்டக்களப்பு வாவிக் காற்றின் ஈரம், மாரி வெள்ளம், கிறவல் தூசி, கரையோர உப்பு என்று இங்கே பிரேக்குக்கு வேறு எதிரிகள். இந்தப் பக்கம் பிரேக் உழைத்துத் தேய்வதைவிட, வேலையில்லாமல் நின்று துருப்பிடித்துக் கெடுவதுதான் அதிகம். அப்படி முதலில் கெடுவது பின் சில்லின் கலிப்பர். அதை வீட்டு முற்றத்திலேயே கழற்றி மாற்றலாமா என்று கேட்டால், மாற்றலாம் என்பதே என் பதில். ஒரு நிபந்தனை உண்டு: மாற்ற வேண்டியது கலிப்பர்தானா என்று முதலில் கண்டறியும் பொறுமை வேண்டும். சொல்லப்போனால், கராஜில் கிடைக்காத அந்தப் பொறுமை வீட்டில் கிடைக்கும் என்பதற்காகவே இந்த வேலையை வீட்டில் செய்யலாம் என்கிறேன்.

கலிப்பர் என்பது ஒரு கவ்வி. சில்லோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டான டிஸ்க்கை அது இரு பக்கமும் பேட்களால் இறுக்கிப் பிடிக்கிறது. பெடலை மிதித்ததும் பிரேக் ஒயில் குழாய் வழியே வந்து கலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் உட்பக்கப் பேட்டை டிஸ்க்கில் அழுத்தும். வெளிப்பக்கப் பேட்டைத் தள்ளப் பெரும்பாலான கார்களில் இன்னொரு பிஸ்டன் கிடையாது. உட்பக்கம் அழுந்தியதும், ‘ஸ்லைட் பின்’ எனப்படும் இரண்டு உருக்குத் தண்டுகளில் முழுக் கலிப்பரும் வழுக்கி நகர்ந்து வெளிப்பக்கப் பேட்டையும் இழுத்துவந்து ஒட்ட வைக்கும். காலை எடுத்ததும் பிஸ்டனைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் எதுவும் அங்கே இல்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் றப்பர் சீல், பிஸ்டன் வெளியே வரும்போது சற்று முறுகி, அழுத்தம் போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அந்தத் திரும்பலில் பிஸ்டனும் ஒரு மில்லிமீற்றரில் சிறு பங்கு உள்ளே போகும், அவ்வளவுதான். ஒரு கடதாசி நுழையும் அந்த இடைவெளியை நம்பித்தான் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட கார் தடையில்லாமல் உருளுகிறது. பின் கலிப்பர்கள் பலவற்றுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. ஹேண்ட் பிரேக் கேபிள் கலிப்பரின் முதுகில் இருக்கும் ஒரு சிறு லீவரை இழுக்க, உள்ளே ஒரு திருகாணி பிஸ்டனைத் தள்ளும். முன் கலிப்பரை மாற்றிப் பழகியவரும் பின் கலிப்பரில் தடுமாறுவது இந்தத் திருகாணியால்தான். எல்லாக் கார்களிலும் பின்னால் கலிப்பர் இருக்கும் என்றும் எண்ணவேண்டாம். ஆல்டோ, வெகன் ஆர், விட்ஸ் போன்ற சிறிய கார்களில் பெரும்பாலும் பின்னால் டிரம்தான். சில்லின் ஓட்டைகளுக்குள் எட்டிப் பார்த்து, பளபளக்கும் தட்டுத் தெரிந்தால் மட்டும் மேற்கொண்டு வாசிக்கலாம்.

டிஸ்க் பிரேக்குக்கு பிரெடரிக் லாஞ்செஸ்டர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1902 இல். அது பேர்பெற்றது 1953 லு மான்ஸ் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வென்றபோது. இரண்டே ஆண்டுகளில், 1955 இல், சித்ரோன் டிஎஸ் காரின் முன் சில்லுகளுக்கு அது வந்துவிட்டது. பின் சில்லுகளுக்கோ அந்தக் காரிலும் டிரம்தான். மற்றச் சாதாரணக் கார்களில் பின் டிஸ்க் பரவப் பல பத்தாண்டுகள் எடுத்தன. காரணம் எளிய கணக்கு. 1200 கிலோ எடையுள்ள முன்சில்லு இழுவைக் கார் நிற்கும்போது அதன் பின் சில்லுகளில் ஏறத்தாழ 480 கிலோ பாரம் இருக்கும். பலமாக பிரேக் பிடித்தால் கார் முன்னுக்குக் குனிகிறதே, அந்த நேரம் 180 கிலோ அளவு பாரம் பின்னாலிருந்து முன்னுக்கு மாறிவிடும். பின்னால் மிஞ்சுவது 300 கிலோ, அதாவது மொத்தத்தில் கால்வாசி. பாரம் குறைந்த சில்லைப் பலமாகப் பிடித்தால் அது சறுக்கிக் காரைச் சுழற்றிவிடும் என்பதால், தயாரிப்பாளர்கள் பின் பிரேக்குக்குக் குறைந்த பங்கையே கொடுக்கிறார்கள். செங்கலடியிலிருந்து ஏறாவூருக்கும் வந்தாறுமூலைக்கும் மட்டக்களப்பு நகருக்கும் மட்டும் ஓடும் காரின் பின் பிரேக், சூடேறித் தன் ஈரத்தைத் தானே உலர்த்திக்கொள்ளும் அளவுக்குக்கூட உழைப்பதில்லை. மார்கழியில் வெள்ளம் நிற்கும் பாதையில் ஓடி வந்து, அப்படியே முற்றத்தில் மூன்று நாள் நின்றால், றப்பர் உறையில் உள்ள ஒரு சிறு கீறல் வழியே புகுந்த சேற்று நீர் பிஸ்டனின் விளிம்பில் தன் வேலையைச் சாவகாசமாகச் செய்யும்.

இதோடு இலங்கையின் அண்மைக்கால வரலாறும் சேர்ந்துகொண்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் ஓடிய கார்களுக்கு ஐந்து வயது கூடியது, புதியவை வந்து சேரவில்லை. 2022 இல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 அளவுக்குப் பாய்ந்தபோது, வெளிநாட்டிலிருந்து வரும் உதிரிப்பாகம் ஒவ்வொன்றின் விலையும் கூடவே பாய்ந்தது. அதே ஆண்டு எரிபொருள் இல்லாமல் கார்கள் வாரக்கணக்கில் முற்றங்களில் நின்றன. நிற்கும் காரின் என்ஜினைப் பற்றியும் பற்றறியைப் பற்றியும் கவலைப்பட்டவர்கள் உண்டு. கலிப்பரைப் பற்றி யோசித்தவர்கள் மிகக் குறைவு. இன்று பின் சில்லு சூடாகிறது, கார் இழுக்கமாட்டேன் என்கிறது, பெற்றோல் அதிகம் குடிக்கிறது என்று கராஜுக்கு வரும் கார்களில் சிலவற்றின் நோய் அந்த நாட்களில் தொடங்கியதாகவும் இருக்கலாம்.

சில்லு இறுகிவிட்டது என்றதும் பலர் வாயில் வரும் முதற்சொல் ‘கலிப்பர் போயிற்று’ என்பது. இங்கேதான் நான் மாறுபடுகிறேன். ஒரு சில்லு விடாமல் பிடித்துக்கொண்டிருக்க நான்கு காரணங்களாவது உண்டு: ஹேண்ட் பிரேக் கேபிள் அதன் உறைக்குள் துருவேறித் திரும்பாமல் இருக்கலாம், றப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி, போன ஒயிலைத் திரும்ப விடாமல் அடைத்திருக்கலாம், ஸ்லைட் பின் காய்ந்து இறுகியிருக்கலாம், கடைசியாகத்தான் பிஸ்டன். முதல் மூன்றில் எதுவானாலும் புதுக் கலிப்பர் பூட்டி ஒரு பயனும் இல்லை. காசும் போகும், சில மாதங்களில் அதே சில்லு மீண்டும் சூடாகும். வேலை நெருக்கும் கராஜில் பாஸுக்கு இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்க்க நேரம் இராது. அவரைக் குறைசொல்லவும் முடியாது. வாசலில் அடுத்த வான் நிற்கிறது, அதன் சொந்தக்காரர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். பாகத்தை மாற்றுவது பத்து நிமிடம் யோசிப்பதைவிட அவருக்கு மலிவு. காருக்குச் சொந்தக்காரருக்கு அது நேர்மாறு.

கண்டறிவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பத்துக் கிலோமீற்றர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவந்து நிறுத்தி, இரண்டு பின் சில்லுகளின் அருகிலும் கையைக் கொண்டுபோனால் எது சூடு என்று தெரியும். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்கவேண்டாம், தோல் போய்விடும். பிறகு முன் சில்லுகளுக்கு அணை வைத்து, காரைத் தூக்கித் தாங்கியில் இருத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துச் சில்லைக் கையால் சுற்றிப் பார்க்கவேண்டும். சுற்றவில்லையா? கேபிளின் நுனியைக் கலிப்பர் லீவரிலிருந்து கழற்றிவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள். இப்போது சுற்றினால் குற்றவாளி கேபிள். இன்னும் இறுக்கமாக இருந்தால், கலிப்பரின் மேலே இருக்கும் காற்றெடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஒயில் சீறி வந்து சில்லும் விடுபட்டால் அழுத்தம் எங்கோ அடைபட்டிருக்கிறது. பெரும்பாலும் அது ஹோஸ். அதுவும் இல்லையென்றால் கலிப்பரைத் தாங்கியிருக்கும் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றிப் பேட்களைப் பார்க்கவேண்டும். உட்பக்கப் பேட் தேய்ந்து இரும்பு தெரிய, வெளிப்பக்கப் பேட் புதிது போல் இருந்தால் ஸ்லைட் பின் வழுக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பின்னை உருவி, துருவை உரசி, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கன் கிறீஸ் பூசிப் போட்டால் அதிகச் செலவில்லாமல் வேலை முடியும். சாதாரண சேர்விஸ் கிறீஸ் பூசினால் றப்பர் ஊதி, ஸ்லைட் பின் முன்னைவிட மோசமாக இறுகும். மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ சீல்களைக் கழுவும் பழக்கமும் அதே ரகம்தான். இவ்வளவும் பார்த்து, எல்லாம் சரி, பிஸ்டன்தான் அசையவில்லை என்றால் மட்டுமே கலிப்பருக்குத் தீர்ப்பு எழுதலாம்.

பிரேக் உயிர் சம்பந்தப்பட்டது, அதில் வீட்டுக்காரர் கைவைப்பது சரியா என்பது முதல் எதிர்ப்பு. நியாயமான எதிர்ப்புத்தான். ஆனால் அது, கராஜில் செய்த பிரேக்கை வேறொருவர் சரிபார்க்கிறார் என்ற நினைப்பில் நிற்கிறது. தனியார் காருக்கு ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்கிறார்கள். புகைப் பரிசோதனை 2008 இல் தொடங்கியது. லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு. தனியார் காரின் பிரேக்கை ஆண்டுக்கொருமுறை எந்த அரச அதிகாரியும் இயந்திரத்தில் ஏற்றிச் சோதிப்பதில்லை. காரின் மூச்சுக்குக் கணக்கு உண்டு, பிடிக்குக் கணக்கு இல்லை. அப்படியானால் செய்த வேலையைச் சரிபார்ப்பது எப்படியும் சொந்தக்காரர் தலையில்தான் விழுகிறது. இந்த வேலையைத் தானே ஒருமுறை செய்தவர், கராஜில் செய்தாலும் என்ன பார்க்கவேண்டும், என்ன கேட்கவேண்டும் என்று அறிந்திருப்பார். அதே எதிர்ப்பில் ஓர் உண்மையும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது: வாழ்க்கையில் முதல் தடவை ஸ்பானர் பிடிப்பவர் பிரேக்கில் தொடங்கக்கூடாது. ஒரு சில்லை மாற்றி, ஒரு பேட் மாற்றிப் பழகியபிறகு வரவேண்டிய வேலை இது. முதல் தடவை, அறிந்த ஒருவர் பக்கத்தில் நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பின் பிரேக் கால்வாசி வேலைதானே செய்கிறது, விட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. தட்டை நிலத்தில் ஓடும்வரை அப்படித்தான் தோன்றும். பதுளை வீதியில் ஏறினால் கணக்கு மாறிவிடும். 1200 கிலோ கார் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒருமுறை நிற்க பிரேக் விழுங்கவேண்டிய சக்தி, ஏறத்தாழ 1,67,000 ஜூல். அதே கார் 680 மீற்றர் உயரத்திலிருந்து கடல்மட்டத்துக்கு இறங்கினால் வெளியேற வேண்டிய சக்தி 80 இலட்சம் ஜூல். அதாவது அறுபதில் ஓடி நிற்கும் நிறுத்தங்கள் 48. கியரைக் குறைத்து இறங்கினால் என்ஜினும் காற்றும் அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு இறங்குபவர் அத்தனையையும் பிரேக் தலையில் கட்டுகிறார். இப்போது ஒரு பின் கலிப்பர் இறுகி, பிடிக்காத நேரமும் உரசிக்கொண்டிருந்தால், மற்றவை ஆறும் நேரத்திலும் அது ஆறாது. கலிப்பரின் சூடு ஒயிலுக்குப் போகும். டொட் 3 வகை பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ்வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழசான ஒயிலுக்கு அந்த எல்லை 140 பாகையாக இறங்கிவிடும். டொட் 4 வகைக்கு 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். ஒயில் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் அடிவரை போகும், கார் நிற்காது. வாவிக்கரையின் ஈரக்காற்று ஒயிலை வேகமாகப் பழசாக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், செங்கலடியில் ஏறிய நீர் பசறை வளைவில் கொதிக்கிறது என்று சொல்லலாம்.

எல்லாக் கார்களுக்கும் இந்தக் கட்டுரை பொருந்தாது. மூன்றாம் தலைமுறை பிரியஸில் பின்னால் டிஸ்க்தான், ஆனால் அதன் பிரேக் கணினியின் கையில் இருக்கிறது. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தாலே பம்ப் விழித்து அழுத்தம் ஏற்றும். பேட் கழற்றிய நிலையில் அது நடந்தால் பிஸ்டன் பிதுங்கி வெளியே வரும், விரல் நடுவில் இருந்தால் விரலும் போகும். பிரேக் குழாயிலிருந்து காற்றெடுக்கவும் கணினிக் கருவி வேண்டும். வெசல் காரில் ஹேண்ட் பிரேக் மின்மோட்டரால் இயங்குவது. அதைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோகாமல் கலிப்பரைத் தொட்டால் மோட்டரோ அதன் பற்சக்கரமோ பழுதாகும். இந்த இரண்டு ரகங்களையும் அதற்கான கருவி உள்ள இடத்துக்கு அனுப்புவதுதான் புத்தி. ஹைபிரிட் கார்களில் மோட்டரே பெரும்பாலும் பிரேக் பிடித்துவிடுவதால் பின் கலிப்பருக்கு வேலை இன்னும் குறைவு, ஆகவே துரு இன்னும் அதிகம் என்பது வேறு கதை.

பாகம் வாங்குவதிலும் ஒரு முடிவு எடுக்கவேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்காத உதிரிப்பாகம் இல்லை என்பார்கள். அங்கே ‘ரீகண்டிஷன்’ என்று விற்கும் கலிப்பர், ஜப்பானில் கழித்த ஒரு காரிலிருந்து கழற்றிய பழைய கலிப்பராக இருக்கக்கூடும். மேலே கறுப்போ வெள்ளியோ பெயின்ற் அடித்திருப்பதால் உள்ளே சீல் புதிது என்று ஆகிவிடாது. என் கட்சி இது: பிஸ்டனில் குழி விழாமல் மேலோட்டமான துரு மட்டும் இருந்தால், சீல் கிட் வாங்கிப் போடுவது பழைய கலிப்பருக்குப் பழைய கலிப்பரை மாற்றுவதைவிட மேல். குழி விழுந்திருந்தால், அல்லது உள்ளே ஹேண்ட் பிரேக் திருகாணி சிக்கியிருந்தால், சீல் கிட் பயன்படாது, புதிது வாங்கவேண்டும். வாங்கும்போது இடது, வலது என்பதைக் கடைக்காரர் வாய்ச்சொல்லில் விடாமல் கண்ணால் பார்க்கவேண்டும். பூட்டிய நிலையில் நிப்பிள் மேலே இருக்கவேண்டும். காற்று மேலேதான் ஏறும். இடதும் வலதும் மாறினால் கலிப்பர் அழகாகப் பொருந்தும், போல்ட் எல்லாம் இறங்கும், நிப்பிள் மட்டும் கீழே வந்துவிடும். பிறகு ஒரு லீற்றர் ஒயில் ஊற்றி எடுத்தாலும் உள்ளே நிற்கும் காற்று வெளியே வராது. பெடல் பஞ்சு போல இருக்கும். எத்தனையோ பேரைக் குழப்பிய தவறு இது. கலிப்பர் ஒரு பக்கம் மட்டும் மாற்றலாம், ஆனால் பேட்களை இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றவேண்டும்.

முற்றம் மணல் என்றால் ஜக்கின் அடியில் ஒரு தடித்த பலகை போடாமல் தூக்கவேண்டாம். ஜக் மெல்லச் சரிந்து புதைவது, கார் விழும்வரை கண்ணுக்குத் தெரியாது. ஜக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. தாங்க உருக்குத் தாங்கி வேண்டும். மதில் கட்டி மிஞ்சிய சீமெந்துப் புளொக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை இருத்துவது, முழு வேலையிலும் ஆகப் பெரிய ஆபத்து. அந்தக் கல் சுவருக்காகச் செய்தது. ஒரு மூலையில் பாரம் விழுந்தால் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். கழற்றிய சில்லைக் காரின் ஓரத்தின் அடியில் படுக்கவைப்பது காசில்லாக் காப்பு. ஹேண்ட் பிரேக்கை விடுவித்திருப்பதால் முன் சில்லுகளின் இரு பக்கமும் அணை இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தால் குறைந்துபோவது ஒன்றுமில்லை.

கழற்றும் வேலை சுருக்கமானது. பழைய பேட்டின் தூசியை வாயால் ஊதாமல், நனைத்துத் துடைக்கவேண்டும்; மலிவு பேட்களில் கல்நார் இருக்கலாம். ஹோஸைக் கழற்றுமுன் பிரேக் பெடலை ஓர் அங்குலம் அமுக்கி ஒரு தடியால் அப்படியே நிறுத்திவைத்தால், பிரேக் ஒயில் தொட்டியிலிருந்து ஒயில் தானாக வழிந்து காலியாகாது. சிறிய தந்திரம், பெரிய உதவி. ஹோஸ் கலிப்பரோடு சேரும் துளைப் போல்ட்டின் இரு பக்கமும் இரண்டு செப்பு வொஷர்கள் இருக்கும். அவை ஒருமுறை நசுங்கி ஒயிலை அடைப்பவை, மறுமுறைக்கு உதவாதவை. புதியவை போடவேண்டும். ஹோஸ் முறுகாமல் பார்த்து, போல்ட்டைக் காரின் கைநூலில் சொன்ன இறுக்கத்துக்கு டோர்க் ஸ்பானரால் இறுக்கவேண்டும்; பலசாலி இறுக்கினால் செப்பு பிதுங்கும், பயந்தவர் இறுக்கினால் ஒயில் கசியும். ஹேண்ட் பிரேக் திருகாணி உள்ள பிஸ்டனை ஜி-கிளாம்ப் வைத்து அமுக்கக்கூடாது. அது திருகி உள்ளே போவது, பெரும்பாலும் வலஞ்சுழியாக. அமுக்கினால் உள்ளிருக்கும் திருகாணி உடைந்து, புத்தம் புதுக் கலிப்பர் பூட்டுமுன்னே பழுதாகும். பிஸ்டன் முகத்தில் பள்ளம் இருந்தால், பேட்டின் முதுகில் உள்ள சிறு முளை அதற்குள் உட்காரும்படி திருப்பி நிறுத்தவேண்டும்.

பிறகு காற்றெடுப்பது. இதற்கு வீட்டில் இன்னொருவர் வேண்டும், சமையலறையிலிருந்து யாராவது வரலாம். நிப்பிளில் கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் குழாயைச் செருகி, மறுநுனியைக் கொஞ்சம் புது ஒயில் ஊற்றிய போத்தலுக்குள் அமிழ்த்தி வைக்கவேண்டும். ‘மிதி’ என்றதும் உள்ளே இருப்பவர் மெல்ல மிதித்துப் பிடித்திருக்க, வெளியே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்துகிறார். குமிழ்கள் வருகின்றன. நிப்பிளை மூடியபிறகுதான் ‘விடு’. இந்த வரிசை ஒருமுறை பிசகினாலும் வெளிக்காற்று உள்ளே போய்விடும். பெடலின் அடியில் ஒரு பலகைத் துண்டு வைப்பது நல்லது. பழைய காரில் பெடல் அடிவரை போனால், பெடல் இயக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இதுவரை தொடாத துருப்பகுதியில் சீல் உரசிக் கிழியும், ஒரு வேலை இரண்டாகும். தொட்டியில் ஒயில் அடிக்கோட்டுக்குக் கீழே போகாமல் நாலைந்து மிதிக்கு ஒருமுறை பார்த்து ஊற்றவேண்டும். போன வருடம் திறந்து மிச்சம் வைத்த போத்தல் இதற்கு ஆகாது. அது இந்நேரம் போதிய ஈரம் குடித்திருக்கும். பெயின்றில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டும், பிரேக் ஒயில் பெயின்றைத் தின்னும். வெளியே வந்த பழைய ஒயில், தேநீர் நிறத்தில் இருக்கும், கிணற்றடியிலோ வாவிக்குப் போகும் கானிலோ ஊற்றும் பொருள் அல்ல. கழிவு ஒயில் சேர்க்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுக்கலாம்.

ஹேண்ட் பிரேக் கேபிளைக் கடைசியில்தான் இறுக்கவேண்டும். முதலில் பெடலைப் பல தடவை மிதித்துப் பிஸ்டனைப் பேட்டோடு சேரவிட்டு, லீவர் தன் தடுப்பில் முழுதாகப் போய் முட்டுகிறதா என்று பார்த்தபிறகே கேபிளுக்கு வரவேண்டும். முதலிலேயே கேபிளை இறுக்கினால் லீவர் பாதி இழுபட்ட நிலையில் நிற்கும். எந்த நோய்க்காக வேலை தொடங்கியதோ அதே நோய் புதுக் கலிப்பருக்கு முதல் நாளிலேயே வரும். பெடல் கல்லுப்போல் நின்றால்தான் காரை அசைக்கலாம். என்ஜினை இயக்கியதும் பெடல் சற்று இறங்கி நிற்பது இயல்பு. தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு. முதல் சோதனை படலைக்குள்ளேயே, நடை வேகத்தில். அடுத்தது ஆள் நடமாட்டமில்லாத வீதியில் முப்பதில். பிறகு பழையபடி பத்துக் கிலோமீற்றர் ஓடி வந்து, இரு பக்கச் சூட்டையும் கையால் ஒப்பிடவேண்டும். மறுநாள் காலை, கார் நின்ற இடத்தில், பின் சில்லின் அடியில் மணல் நனைந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டும். பதுளைப் பயணம் இதற்கெல்லாம் பிறகு.

கழற்றிய கலிப்பரை இரும்புக்காரருக்குப் போடுமுன் ஒருமுறை மேசையில் வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். றப்பர் உறையை நீக்கினால் பிஸ்டனின் வெளி விளிம்பில், ஒரு நகத்தின் அகலத்துக்கு, செம்பழுப்பு வளையம் ஒன்று இருக்கும். அதற்கு உள்ளே, சீலுக்கு அப்பால் ஒயிலில் நனைந்திருந்த பகுதி பெரும்பாலும் கண்ணாடி போல் பளபளக்கும். உறையின் கீழ்ப்பக்கம் சிறு வெடிப்பு தெரிந்தால், நீர் வந்த வழி அதுதான். மறுபக்கக் கலிப்பருக்கும் அதே வயது, ஓடியதும் அதே வெள்ளத்தில். அதன் உறையையும், கார் தாங்கியில் இருக்கும்போதே, ஒரு டோர்ச் அடித்துப் பார்த்துவிடலாம்.